அருள்வாக்கும் வீங்கிய கால்களும்

குறி சொல்கிறவரைத் தேடிப் போகிறவர்களெல்லாம் படிக்காதவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஓட்டல் ஒன்றின் குளுகுளு அரங்கத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் இனி அப்படிப் பேச மாட்டார்கள்.

அத்தனை பேரும் டாக்டர்கள். பெயரைவிடப் பட்டம் நீளமானவர்கள். வீட்டில் யாராவது பேய், பிசாசு என்று வாயெடுத்தால் ஆதாரம் இருக்கிறதா என்று மடக்குகிறவர்கள். வாசலில், கூட்டத்தை நடத்தும் மருந்துக் கம்பெனியின் ஆட்கள் ஆளுக்கொரு தோல்பை கொடுத்தார்கள். பைக்குள் பேனா, தேநீர்க் கோப்பை, பிளாஸ்டிக்கில் செய்த முழங்கால் மூட்டு. எலும்பு டாக்டர் ஒருவர் தம் மனைவிக்கும் ஒரு பை கேட்டார். அம்மாவும் டாக்டரா என்று விசாரித்தார்கள். இல்லை, ஆனால் அவளுக்கும் முட்டி இருக்கிறது என்றார். கொடுத்துவிட்டார்கள். அன்று யாருக்கும் எதையும் இல்லை என்று சொல்வதில்லை என்பது கம்பெனியின் முடிவு.

மேடையில் ஒரு பேராசிரியர். விமானத்தில் வரவழைக்கப்பட்டவர். மூட்டு வலிக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு மஞ்சள் மாத்திரையைப் பற்றிப் பேசினார். வலி பறந்துவிடும். வயிறு எரியாது. சிறுநீரகத்தின் பக்கமே எட்டிப் பார்க்காது. திரையில் படம் படமாக ஓடியது. ஒரு படத்தில் பழைய மாத்திரைக்கு நாற்காலி உயரத்தில் ஒரு கோடு, மஞ்சள் மாத்திரைக்கு விளக்குக் கம்பம் உயரத்தில் ஒரு கோடு. கோட்டின் அடிப்பகுதியை வெட்டிவிட்டு மேல்பகுதியை மட்டும் பெரிதாக்கினால் எந்தக் குள்ளனையும் நெட்டையனாக்கலாம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து வறுத்த கோழியின் வாசனை வந்துகொண்டிருந்தது.

படத்தின் அடியில், எறும்பு படிக்கிற அளவில் ஒரு வரி. 'ஆதாரம்: கம்பெனியின் கோப்பில் உள்ளது.' கம்பெனி நல்லது என்கிறது. எப்படித் தெரியும்? கம்பெனியிடம் கேட்டிருக்கிறார்கள். இதைவிடப் பக்கத்தில் சாட்சி கிடைக்குமா?

கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், கழுத்தில் டையோடு சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார் இந்தக் கதையின் நாயகர். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. ஊர் மருந்துக்கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அருள்வாக்கு. காலையில் அவர் ஒரு டாக்டரின் அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டு வருகிற வாக்கு, சாயங்காலத்துக்குள் மருந்துச் சீட்டில் எழுத்தாக மாறிக் கடைக்கு வந்துவிடும். இவ்வளவு வேகமாகப் பலிக்கிற வாக்கு வேறு யாரிடம் உண்டு?

அவர் கத்த மாட்டார், கெஞ்ச மாட்டார். எந்த டாக்டரின் மகள் எந்தப் பரீட்சை எழுதுகிறாள், எந்த டாக்டருக்கு எந்த மாமனாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் தெரியும். டாக்டர்களுக்கோ படிக்க நேரமில்லை. மருத்துவ இதழ்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மேசையில் அடுக்கிக் கிடக்கும். தடித்த புத்தகங்கள் கம்ப்யூட்டர் திரையை உயர்த்திப் பிடித்திருக்கும். வெளியே நோயாளிகள் வரிசையில் இருமிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் உள்ளே வந்து, உலகத்தில் உள்ள ஆராய்ச்சியை எல்லாம் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த அரங்கத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மஞ்சள் மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டவர்களில் ஒருவர் டெப்போ டாக்டர். பஸ் டெப்போவுக்கு எதிரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் பெண் டாக்டர் என்பதால் அந்தப் பெயர். டிரைவர்களும் கண்டக்டர்களும்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். அவருடைய அக்காவின் கணவரே அந்த டெப்போவில் டிரைவர். மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதற்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கூடவே கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்து, பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கே கண்டக்டரின் தோள் தேவைப்பட்டது.

டெப்போ டாக்டர் மாமாவுக்கு மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி குறைந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குறைந்தது. மாமா டெப்போவில் எல்லோரிடமும் மைத்துனியின் பெருமை பேசினார். பேசிக் கொஞ்ச நாளில் அவருக்கு ஷூ போட முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? அடுத்த முறை அருள்வாக்கு கிளினிக்குக்கு வந்தபோது அவரையே கேட்டார். அருள்வாக்கு நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே வருந்துகிறவரின் முகம் அது.

"கால் வீக்கமா? இத்தனை டாக்டர்களைப் பார்க்கிறேன் மேடம், உங்க ஒருத்தர்கிட்டதான் இப்படிக் கேள்விப்படறேன். அவர் சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குமோ?"

அதோடு விடவில்லை. வீக்கத்துக்கென்றே அவர்கள் கம்பெனியில் ஒரு மாத்திரை இருப்பதையும், அது உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும் என்பதையும் எடுத்துச் சொன்னார். பைக்குள்ளிருந்து மாதிரி அட்டைகள் வந்தன. நோயைக் கொடுத்த கையாலேயே மருந்தையும் கொடுப்பதில்தான் எத்தனை வசதி. வாடிக்கையாளர் வெளியே அலைய வேண்டியதில்லை.

டெப்போ டாக்டர் அதையும் எழுதினார். அக்காவைக் கூப்பிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார். அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வீட்டிலிருந்த உப்பு ஜாடியையே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மாமா உப்பில்லாத சூப்பையும் உப்பில்லாத முட்டையையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். டெப்போ கேன்டீனில் திருட்டுத்தனமாகத் தின்கிறீர்களா என்று அக்கா தினமும் விசாரணை வைத்தாள். தின்னவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். கால் வீங்கிய மனுஷனின் சத்தியத்தை யார் நம்புவார்கள்? வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துபோனது.

ஒருநாள் காலை, பஸ் நிறைய ஆட்களோடு போய்க்கொண்டிருந்தபோது மாமாவுக்கு மூச்சு முட்டியது. மனுஷன் பஸ்ஸை நிறுத்தத்தில் ஒழுங்காக ஓரம் கட்டினார். கைப்பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார். அதன் பிறகுதான் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தார். அவசர வேலைக்குப் போகிறவர்கள் முதலில் திட்டினார்கள். அவர் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்த பிறகு அவர்களே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலையை நிறுத்தியிருந்தது தெரிந்தது. டெப்போ டாக்டர் கட்டிலருகே நின்று அந்த எண்ணைப் பார்த்தார். கொதிப்பு மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகலாம் என்று கல்லூரியில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் மஞ்சள் மாத்திரை அந்த வகையைச் சேராது என்றல்லவா பேராசிரியர் சொல்லியிருந்தார்? நிறுத்திப் பார்த்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னார். அவரும் ஒப்புக்கொண்டு மஞ்சளையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார்.

மாமாவைப் பார்க்க வந்தவர்களில் கைராசி டாக்டரும் ஒருவர். ஊரிலேயே மூத்தவர். அவர் தொட்டால் பாதி நோய் போய்விடும் என்று சொல்லிக்கொள்வார்கள். மீதி நோய்க்கு அவரும் அருள்வாக்கையே நம்பியிருந்தார். டெப்போ டாக்டருக்குப் பயிற்சிக் காலத்தில் ஊசி போடக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. நடந்ததைக் கேட்டார். பிறகு தம்மிடம் வரும் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கும் மஞ்சள் மாத்திரைக்குப் பிறகு கால் வீங்கியதைச் சொன்னார்.

"அருள்வாக்குகிட்ட கேட்டேம்மா. என் ஒருத்தன்கிட்டதான் அப்படிக் கேள்விப்படறானாம். டீச்சருக்கு வயசாகுதுன்னு நானும் விட்டுட்டேன்."

டெப்போ டாக்டர் அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர் திரும்பவும் சொன்னார். தம்மிடம் அருள்வாக்கு சொன்ன அதே வாசகம். ஒரு சொல்கூட மாறவில்லை.

இரண்டே நாளில் மாமாவுக்குச் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. வீக்கம் வடிந்தது. சிறுநீரகம் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பியது. மஞ்சள் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தியதைத் தவிர வேறு எந்த வித்தையும் யாரும் செய்யவில்லை.

அக்காவிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று டெப்போ டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். உப்பு காரணமில்லை, மாமா பொய் சொல்லவில்லை, மாத்திரைதான், அதைக் கொடுத்தது நான்தான் என்றார். அக்கா ஜன்னல் வழியாகக் கணவரைப் பார்த்தாள். அவர் நர்ஸ் கொடுத்த ரொட்டியில் உப்பு இருக்கிறதா என்று ஆசையோடு முகர்ந்துகொண்டிருந்தார்.

"அந்த மாத்திரை நல்லதுன்னு உனக்கு யாருடி சொன்னா?"

டாக்டர் சொன்னார்.

"விக்கிறவனா சொன்னான்? ஒரு போர்வை வாங்கப் போனாக்கூட, சாயம் போகாதுன்னு கடைக்காரன் சொன்னா நாம நம்ப மாட்டோம். நாலு கடை ஏறி இறங்குவோம். இத்தனை வருஷம் படிச்சிட்டு, மருந்துக்கு நீ ஒரு கடையோட நின்னுட்டியா?"

அதற்குமேல் அக்கா திட்டவில்லை. உள்ளே போய்க் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தங்கைக்கு. அன்று முழுக்க அவரால் கிளினிக்கில் ஒரு சீட்டுகூட நிம்மதியாக எழுத முடியவில்லை. ஒவ்வொரு மருந்தின் பெயரை எழுதும்போதும், இதை எனக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டார். பல சமயம் வந்த விடை ஒரே ஆள்தான். டை கட்டிய ஆள்.

இதற்கிடையில் மஞ்சள் மாத்திரை வெளிவந்து ஓராண்டு ஆனதைக் கொண்டாட மறுபடியும் கூட்டம். அதே ஓட்டல். இந்த முறை பைக்குப் பதில் பயணப் பெட்டி. போன ஆண்டு பை தூக்கி வந்தவர்கள் இந்த ஆண்டு பெட்டி உருட்டினார்கள்; வளர்ச்சி என்றால் இதுதான். கைராசி டாக்டர் டெப்போ டாக்டரை வாசலிலேயே பிடித்துக்கொண்டு, எழுந்து ஏதாவது கேட்கப் போகிறாயா என்று விசாரித்தார். கேட்கப் போகிறேன் என்றார். நம்ம ஆட்கள் ரொம்ப மானஸ்தர்கள், ஏமாந்தோம் என்று சபையில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நீ தனியாக நிற்பாய் என்று எச்சரித்தார் பெரியவர். அவரும் வாசலில் ஒரு பெட்டியை வாங்கித்தான் வைத்திருந்தார்.

பேராசிரியர் பேசி முடித்தார். கேள்வி உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். மைக்கை டெப்போ டாக்டர் வாங்கினார். சிறுநீரகத்துக்கு ஆபத்தில்லை என்று சொன்னீர்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பணிவாகவே கேட்டார். ஆராய்ச்சி இருக்கிறது என்றார் பேராசிரியர். எங்கே வெளிவந்தது என்று கேட்டார். திரையில் ஆதாரம் போட்டிருக்கிறதே என்றார் அவர். அது கம்பெனியின் கோப்பு என்று போட்டிருக்கிறது, நீங்கள் அந்தக் கோப்பைப் படித்தீர்களா என்று கேட்டார் டாக்டர்.

பேராசிரியர் சுவரோரம் நின்ற அருள்வாக்கைப் பார்த்தார். அரங்கம் முழுவதும் பேராசிரியரைப் பார்த்தது. அருள்வாக்கு கூரையைப் பார்த்தார். அறிவு எங்கிருந்து எங்கே பாய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று இன்னொருவர் நினைவூட்டினார். அருள்வாக்கு நிதானமாக முன்னால் வந்தார். மேடத்தின் குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் எங்களுக்கும் வருத்தம்தான், ஆனால் ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது என்றார். குரலில் அவ்வளவு கனிவு. கைதட்டல்கூட எழுந்தது.

டெப்போ டாக்டர் தலையாட்டினார். அவர் சொல்வது சரிதான் என்றார். ஒருவரை வைத்துப் பேச வேண்டாம், இங்கேயே எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்.

"மஞ்சள் மாத்திரை கொடுத்து, பேஷன்ட்டுக்குக் கால் வீங்கிப் பார்த்தவங்க மட்டும் கை தூக்குங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

யாரும் அசையவில்லை. டாக்டர்கள் தத்தம் பெட்டியின் கைப்பிடியை ஆராய்ந்தார்கள். டெப்போ டாக்டர் தம் கையைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். அந்தக் கை தனியாக நின்ற நேரம் அவருக்கு மிக நீளமாக இருந்தது.

பிறகு, பக்கவாட்டு வரிசையிலிருந்து ஒரு நரைத்த கை எழுந்தது. கைராசி டாக்டர். ஊரே மதிக்கும் கை. அவருக்குப் பின்னால் எலும்பு டாக்டர், முட்டியுள்ள மனைவிக்குப் பை வாங்கியவர், பாதிக் கை தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு முழுக்கையாகத் தூக்கினார். அதற்குப் பிறகு சரசரவென்று எழுந்தன. அரங்கத்தில் பாதிக்கு மேல் கைகள். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். உங்களுக்குமா, உங்களுக்குமா என்று கண்களாலேயே விசாரித்துக்கொண்டார்கள்.

டெப்போ டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இதைப்பத்தி இவர்கிட்ட சொன்னப்போ, உங்க ஒருத்தர்கிட்டதான் கேள்விப்படறேன்னு இவர் யாருக்கெல்லாம் சொன்னார்? அவங்க கையை இறக்க வேண்டாம்."

ஒரு கையும் இறங்கவில்லை.

முதலில் சிரித்தது கைராசி டாக்டர்தான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அது நல்ல சிரிப்பு இல்லை. தன்னையும் சேர்த்துக் கேலி செய்கிற சிரிப்பு. ஆளுக்கு ஆள் தனியறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியமாகச் சொல்லப்பட்ட வாக்கு அது. ஒவ்வொருவரும் தம் நோயாளிதான் விதிவிலக்கு என்று நம்பினார்கள். எல்லோரும் விதிவிலக்கானால் விதி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் பக்கத்து டாக்டரோடு பேச வேண்டும். பக்கத்து டாக்டரோடு பேசுவார்களா? அவர் போட்டியாளர் அல்லவா?

அப்போது எலும்பு டாக்டர் எழுந்தார். வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் இவர்தானே கொடுத்தார் என்று சத்தமாகக் கேட்டார். சிரிப்பு சட்டென்று நின்றது. எத்தனை நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்து எழுதினோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரு டாக்டரம்மா அங்கேயே போனை எடுத்து, கிளினிக்கில் இருந்த நர்ஸிடம், மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிற ஆட்களை உடனே வரச்சொல் என்றார். பேராசிரியர் விமானத்துக்கு நேரமாகிவிட்டதாக அறிவித்தார். அன்று கோழி நிறைய மிச்சம்.

அருள்வாக்கு வாசலருகே டெப்போ டாக்டரிடம் வந்தார். முதல்முறையாக அவர் டை தளர்ந்திருந்தது. அவர் சொன்னதை அப்படியே தருவதுதான் நியாயம்.

"மேலிடத்துல என்ன சொல்லச் சொன்னாங்களோ அதைத்தான் சொன்னேன் மேடம். நான் டாக்டருக்குப் படிக்கலை. படிச்ச நீங்க எல்லாரும் ஏன் என்னைக் கேட்டீங்க?"

டாக்டருக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர்கள் அரங்கத்துக்குள் பெட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டாக்டர்கள் சேர்ந்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார்கள். விசாரணை நடந்தது. மஞ்சள் மாத்திரையின் டப்பாவில் சிறுநீரகத்தைப் பற்றிய எச்சரிக்கை பெரிய எழுத்தில் ஏறியது. கம்பெனி அருள்வாக்கை வேறு ஊருக்கு மாற்றியது, பதவி உயர்வோடு. அந்த ஊர் டாக்டர்கள் பாக்கியசாலிகள். கொஞ்ச நாளில் இங்கே புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பையில் இருந்தது பச்சை மாத்திரை.

டெப்போ டாக்டரும் கைராசி டாக்டரும் மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கி, ஊர் டாக்டர்களைக் கூப்பிட்டார்கள். கம்பெனி நடத்தாத ஆராய்ச்சி எது, அது என்ன சொல்கிறது என்று யாராவது ஒருவர் படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். தம் நோயாளிகளுக்கு நேர்ந்ததை எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பை இல்லை, கோழி இல்லை, தேநீர்கூட அவரவர் செலவு. முதல் கூட்டத்துக்கு அரங்கத்தில் கை தூக்கியவர்களில் கால்வாசிப் பேர் வந்தார்கள். விஞ்ஞானப் பசி இருக்கிறவர்கள் அவ்வளவுதான் போலிருக்கிறது. மற்றவர்களுக்கு இருந்தது வேறு பசி. ஆனால் வந்தவர்கள் அடுத்த மாதமும் வந்தார்கள்.

மாமா குணமாகி மறுபடியும் பஸ் ஓட்டுகிறார். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் செய்கிறார், நிறைய முனகுகிறார். இப்போதெல்லாம் மைத்துனி ஒரு மாத்திரையை எழுதினால் பேனா நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது நல்லது என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்கிறார். டெப்போ ஆட்கள் எல்லோருக்கும் அதே பழக்கம் தொற்றிவிட்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் டாக்டர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் வரிசை மெதுவாகத்தான் நகர்கிறது. அவர் பொறுமையாகச் சொல்கிறார். தெரியாதபோது தெரியாது என்கிறார், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

நீங்களும் உங்கள் டாக்டரிடம் அதையே கேட்டுப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், கேள்வியை நிறுத்தாமல் இருந்தால் போதும். அவர் கோபப்பட்டால், அவருக்குச் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.